ஊற்றுக்கு மொட்டை

எனக்கு வயது எழுபத்தொன்பது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் நான். ஒரே ஒரு ஊற்றை ஒரு வாரம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு காலையில் அதன் கதையை முடித்துவிட்டேன்.

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குக் கல்யாணமாகி வந்த புதிது. இலங்கையில் எங்கள் தோட்ட ஆட்களுக்கு ஓட்டு இல்லாத காலம். ஆனாலும் பன்னிரண்டு வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்துக்குத் தனிச் சட்டம் இருந்தது: மேட்டு ஊற்றைச் சுற்றி யாரும் கத்தி வைக்கக் கூடாது, வாரம் ஒரு வீடு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீர்தான் மூங்கில் பீலி வழியாக எல்லார் குடத்துக்கும் வந்தது.

எங்கள் முறை வந்தபோது மாமியார், “பீலிய பாத்துக்க ஆயி” என்றார்.

கத்திதானே கூடாது? நான் கொண்டுபோனது புல்லுச் சொரண்டி. தேயிலை மலையில் ஒரு புல் நின்றாலும் கங்காணி கத்துவார். புல் வெட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை (நானே சொல்லிக்கொண்டதுதான்). ஊற்றைச் சுற்றிப் பன்னம் என்கிற பெரணிச் செடி, பாசி, காட்டுச் சேம்பு என்று ஒரே குப்பை! எல்லாவற்றையும் வேரோடு சுரண்டித் தள்ளினேன். தரை வழவழவென்று ஆனது. (கோலமும் போட்டேன். ஐந்து புள்ளிக் கோலம்.) பாராட்டு வாங்க மாமியாரைக் கூட்டி வந்தேன்.

“அடிப்பாவி, ஊத்துக்கு மொட்டையடிச்சிட்டியே!”

“கத்தி வைக்கலையே அத்தை…”

“வாய மூடு. ஆளுக வர்றாங்க.” சொல்லிக்கொண்டே கோலத்தைக் காலால் அழித்தார்.

அன்று மாலை மழை. மேட்டு மண் முழுவதும் ஊற்றுக்குள் இறங்கியது. பீலியில் தேத்தண்ணி வந்தது, சீனிதான் போடவில்லை. வெயில் காலத்தில் அதுவும் நூலாக இளைத்தது. அடுத்த வீட்டு மேரி அக்கா இடுப்பில் கைக்குழந்தையும் கையில் வெறுங்குடமுமாக நின்றதைப் பார்த்தபோதுதான் என் கெட்டிக்காரத்தனம் எனக்கே கசந்தது.

லயம் கூடியது. தோட்டத் தலைவர் கேட்டார்: “ஏம்புள்ள, அது ஊத்தா, தேயிலை மலையா?” தீர்ப்பு இதுதான்: ஆற்றோரத்துப் பன்னத்தைக் கொண்டுவந்து நான் நட வேண்டும், அது தழைக்கும்வரை மேரி அக்கா வீட்டுக்கு ஆற்றுத் தண்ணீர் சுமக்க வேண்டும்.

ஒரு வருடம் சுமந்தேன். மாமியாரும் பின்னால் ஒரு குடத்தோடு வந்தார், ஏற்றம் முழுக்கத் திட்டிக்கொண்டே. ஊற்று திரும்பியது. என் பேர்தான் திரும்பவில்லை. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தால், “அப்பாயிகிட்டயா வெட்டுன?” என்கிறார்கள்.

கயலு, அப்பாயி சொன்னத எல்லாம் எழுதிட்டியா? எங்க, ஒருக்கா வாசி, கேப்போம். கோலம் வர்ற எடத்த மட்டும் மெதுவா வாசி. அது எங்க அத்தைக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சது.