சிகரத்தில் ஒன்பது நாள் மூடுபனி

மார்கழிக் குளிரிலிருந்து மக்கள் உயிரைக் காக்கும் உயரிய நோக்கத்துடன், வருசநாட்டு மலையுச்சி ஒன்றில் கேமரா பொருத்தப்பட்டது. அதில் உச்சி தெளிவாகத் தெரிந்தால் அடிவார கேட் திறக்கும். பனி தெரிந்தால் பூட்டு. திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். அதற்கு ஓர் அதிகாரியையும் போட்டுத் தொலைத்தார்கள்.

திறப்பு விழா அன்றிலிருந்தே உச்சியில் பனி. வெள்ளைவெளேரென்று பனி, நடுவில் செக்கச்செவேலென்று சூரியன். காலை ஆறு மணிக்கும் சூரியோதயம், மதியம் இரண்டு மணிக்கும் அதே சூரியோதயம். தேனியிலிருந்து கம்பம் வரை ஆளாளுக்கு செல்போனில் அந்தக் கேமரா நேரலையைப் பார்த்து நடுங்கினார்கள். அடிவாரத்து விவசாயி பவுனுவின் வீட்டுக்காரர் ராஜமணி புது ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக டீக்கடையில் உட்கார்ந்து வேர்த்து ஒழுகினார்.

பவுனுவுக்கு வயிறு எரிந்தது. கேட்டுக்கு மேலே அவர்களுடைய மொச்சைக்காடு, பொங்கலுக்குப் பறிக்கிற பதத்தில் நிற்கிறது. காவலுக்கு ஆள் போகாவிட்டால் காட்டுப்பன்றி சும்மா விடுமா? ஒன்பதாம் நாள் ஆபீசுக்கே போய்விட்டாள். அதிகாரி கார்த்திக்ராஜ் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சார், அந்தச் சன்னலைத் திறந்து பாருங்க. உச்சி பளிச்சுன்னு தெரியுது.”

“சன்னல் அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லம்மா.”

பவுனு திரையை உற்றுப் பார்த்தாள். ஆயுத பூசைக்கு மோட்டாரிலும் மண்வெட்டியிலும் அவளே வைக்கிற சமாச்சாரம்தான்.

“இது பனி இல்ல சார், சந்தனம். நடுவுல குங்குமம். விழா அன்னைக்கு யாரோ கேமரா கண்ணாடி மேலயே பூசிட்டாக.”

பூசிய புண்ணியவான் சாட்சாத் அந்த அதிகாரியேதான். கார்த்திக்ராஜ் தொண்டையைச் செருமினார்.

“அப்படியே இருந்தாலும், துடைக்கிறதுக்கு மேல போகணும்ல?”

“போங்க.”

“எப்படிம்மா போறது? திரையில பனி இருக்கே. கேட்டைத் திறக்கக் கூடாதே.”

பவுனு விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

அன்று சாயந்திரம் மலையில் நல்ல மழை. ஆபீஸ் செய்யாத வேலையை அது செய்தது. சந்தனம் கரைந்து, காலையில் திரை முழுக்க வெயில் அடித்தது. கேட்டும் திறந்தது. பவுனு மூச்சிரைக்க ஏறிப் போனாள். பன்றிகள் காட்டை உழுது போட்டிருந்தன. மிச்சம் கிடந்த காய் மடிக்குக்கூட நிறையவில்லை. அழுதுகொண்டே இறங்கினாள்.

கேட்டருகே கார்த்திக்ராஜ் எதிரே வந்தார், கையில் சந்தனக் கிண்ணம்.

“எங்கன சார் போறீக?”

“பனியைக் காணோம்னு நானூறு பேர் மனு குடுத்திருக்காக. வாங்கின ஸ்வெட்டர் வீணாப் போகுதாம். மக்கள் விருப்பத்தை மதிக்கணும்ல?”

மனுவைப் பிடுங்கிப் பார்த்தாள். முதல் கையெழுத்து ராஜமணி.

“உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுசன்மா,” என்றார் கார்த்திக்ராஜ். “இந்தச் சந்தனமும் அவுகதான் அரைச்சுக் குடுத்தாக.”