அபராதம் கட்டிய குப்பை

"இந்த ஜன்னலைத் திறக்க ஒரு வழி பண்ணுங்க. இல்லைன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன்" என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னதும், குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றே பின்பக்கக் குளக்கரையில் பலகை நட்டார்: 'குப்பை போட்டால் அபராதம்.'

மறுநாள் மேல்வீட்டுப் பல் டாக்டர் இரண்டு மூட்டையோடு வந்து நின்றார்.

"இந்தாங்க சார், அபராதம்."

"நீங்க இன்னும் போடவே இல்லையே டாக்டர்?"

"முன்கூட்டியே கட்டிட்டா நிம்மதி பாருங்க. இத்தனை நாளா திருடன் மாதிரி சுத்துமுத்தும் பார்த்துப் போட வேண்டியிருந்துச்சு."

அதுவரை கூச்சத்தோடு வீசியவர்கள் ரசீதோடு வீசத் தொடங்கினார்கள். செயலாளர் அபராதத்தை இரட்டிப்பாக்கினார்.

"அப்ப மாசப் பாஸ் போட்டுக் கொடுத்துடுங்க" என்றார் டாக்டர்.

பக்கத்துத் தெருக்காரர்களும் மூட்டையும் கையுமாக வந்துவிட்டார்கள். "இங்க குப்பை போட அனுமதி தர்றீங்களாமே?"

"ஊர்க் குப்பைக்கெல்லாம் டிக்கெட் கிழிக்கிறீங்களா?" என்று மனைவி பெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள்.

செயலாளர் திட்டத்தைத் தலைகீழாகப் புரட்டினார். குளத்திலிருந்து குப்பை எடுத்து வருபவர்களுக்கு இனி சன்மானம். குடியிருப்பே இறங்கி அள்ளியது. ஆனாலும் குளத்தில் குப்பை குறைந்தபாடில்லை. சந்தேகம் தட்டிப் போய்ப் பார்த்தார். டாக்டர் இந்தக் கரையில் மூட்டையைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, அந்தக் கரையில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டர் இது?"

"குளத்துலேர்ந்துதானே எடுத்தேன்? தொட்டுப் பாருங்க, ஈரமா இருக்கு."

செயலாளர் பலகையைப் பிடுங்கினார். பிடுங்கிய கோபத்தில் அதையும் குளத்திலேயே வீசினார்.

"அதுக்கு யார் சார் அபராதம் கட்டறது?" என்றார் டாக்டர்.

சங்கப் பணத்தை வழித்துத் துடைத்துக்கொண்டு செயலாளர் நேராக, ஊர் முழுக்க வீடு வீடாகக் குப்பை எடுக்கும் லாரி டிரைவரிடம் போனார். ஆளும் லாரியுமாகக் கையோடு அழைத்து வந்தார். நாள் முழுக்க அள்ளியதில் சாயங்காலம் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது. மனைவி ஜன்னலைத் திறந்து, ஆழமாக மூச்சு இழுத்து, பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள். செயலாளர் ஓடிப்போய் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க மனுஷனே இல்ல, தெய்வம். அதான் லாரி நிறைஞ்சிடுச்சே, ஏன் இன்னும் கிளம்பாம நிக்கிறீங்க?"

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"இதை எங்க கொண்டுபோய்க் கொட்டறதுன்னுதான் யோசிக்கிறேன் சார். எப்பவும் ஊர்க் குப்பை மொத்தத்தையும் இந்தக் குளத்துலதான் கொட்டுவேன்."