இட்டிலிக் கொப்பரையில் வெந்த வெள்ளைத் துணி

நாகலாபுரம்,
வியாழக்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை சோலைராஜுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் வெயிலுமுத்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் தன் கையாலேயே எழுதிக்கொண்டது.

முதலில் எழுத்துக்கு மன்னிக்க வேண்டும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும், சில வரிகள் பள்ளத்தில் இறங்கியும் இருக்கும். இத்தனை வருஷம் மேழி பிடித்த கை, பேனாவையும் அப்படியே அழுத்துகிறது. தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. அந்த இடங்களில் ஒன்றும் எழுதவில்லை, தேட வேண்டாம். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் தபால்காரர் எழுதியவை. நான் ஒன்று சொன்னால் அவர் தன் பங்குக்கு இரண்டு சேர்ப்பார். முதியோர் பள்ளிக்கூடத்தில் மெய்யெழுத்து முடிந்த அன்றே முதல் கடிதம் உனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே மழை இல்லை, மற்றபடி சுகம். அங்கே பம்பாயில் மழையும் நீயும் எப்படி என்று எழுதவும்.

அக்காளின் புண் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது விலாவைக் கீறி, இருதயத்துக்குள் விரலை விட்டு, இறுகிக் கிடந்த வால்வை டாக்டர் திறந்துவிட்டது உனக்குத் தெரியும். ஓடுகிற இருதயத்துக்குள் ஒரு மனிதன் விரல் போய் வந்ததை நினைத்தால் பேனா இன்னும் தடம் மாறிப் போகிறது. இந்த வரி கோணலாக இருப்பது அதனால்தான். தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பும்போது ஓரத்தில் கொஞ்சம் கசிவு இருந்தது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "வெட்டுறது எங்க வேலை பெரியவரே, அழுக்குப் படாம பாக்கிறது உங்க வேலை. சீழ் வச்சு உள்ள இறங்கிச்சுன்னா நான் செஞ்சது அத்தனையும் வீண்" என்றார். கரிசல்காட்டில், காற்று அடித்தால் கஞ்சியிலேயே மண் விழுகிற ஊரில், அழுக்குப் படாமல் ஒரு விலா எலும்பை எப்படி வைத்துக்கொள்வது? ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த துணி சீக்கிரமே தீர்ந்துவிட்டது. நம்மூர்க் கம்பவுண்டர் வன்னியபெருமாளிடம் போனேன். "மெல்லிசா வெள்ளை மல்துணி வாங்குங்க அண்ணாச்சி. துண்டு துண்டா வெட்டி, மடிச்சு, இட்டிலி அவிக்க மாதிரி ஆவியில வச்சு எடுங்க. அப்புறம் கையால தொடப்படாது, இடுக்கியாலதான் எடுக்கணும்" என்றார். உடனே கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி, பிச்சை முகம்மது ஜவுளிக் கடைக்குப் போனேன். எங்கள் கல்யாணச் சேலையே அவர் வாப்பா கடையில் எடுத்ததுதான். உன் அக்காள் சொர்ணத்தாய்க்கு ஆபரேஷன் ஆனது அவருக்கும் தெரியும். நான் போய் உட்கார்ந்து, "வெள்ளைத் துணி வேணும் பாய், புதுசா, யார் கையும் படாததா. அவளுக்குத்தான்" என்றேன். மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. எத்தனை கஜம் என்றுகூடக் கேட்கவில்லை. தாராளமாக அளந்து கிழித்தார். மடித்துக் கொடுத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்கிடுங்க அண்ணாச்சி, எல்லாம் அவன் செயல்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர், ஆபரேஷனுக்கு இவ்வளவு தூரம் கலங்குகிறாரே என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வீட்டில் சீக்காளியை வைத்திருக்கிற கிழவன் ஒருவன் தனியாக வந்து புது வெள்ளைத் துணி கேட்டால் நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை, மாப்பிள்ளை. கடையில் நம்மூர் ஆள் ஒருவர் வேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். நான் மருந்துக் கடைக்கு ஸ்பிரிட்டும் பிளாஸ்திரியும் வாங்கப் போன நேரத்தில் அவர் முந்தின பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நான் ஊரில் இறங்கினால் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். ஒருவர் என் கையிலிருந்த துணிப் பொட்டலத்தை வாங்கி, "நான் கொண்டாரேன், நீங்க நடங்க" என்றார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெரு திரும்பியதும் என் வீட்டு வாசலில் கூட்டம். வேப்ப மரத்தடியில் பாடைக்குப் பச்சை ஓலை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். உள்ளேயிருந்து என் தங்கை பார்வதியம்மாளின் ஒப்பாரி. நான் பஸ்ஸில் இருந்த நேரத்தில் அவள் போய்விட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு வாய் தண்ணீர் கூடக் கொடுக்காமல் துணி வாங்கப் போனேனே என்று தெருப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்தை எழுத எனக்கு எழுத்துப் போதவில்லை. வாத்தியாரைக் கேட்டாலும் அதற்கு எழுத்து இருக்காது.

அப்போதுதான் உள்ளேயிருந்து உன் அக்காளின் குரல் கேட்டது. "ஏட்டி பார்வதி, புண்ணு மேல விழாதட்டி! யாரு போயிட்டா, அதச் சொல்லிட்டு அழு, நானும் அழுவுதேன்!"

சாப்பிட்டுப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவள் மேல் விழுந்துதான் பார்வதி ஒப்பாரி வைத்திருக்கிறாள். "மதினீ, நீதான போயிட்ட!" என்று அவள் சொல்ல, "நான் எங்கட்டி போனேன், கொல்லைக்குக்கூடப் போவலயே" என்று இவள் கேட்க, வாசலில் நின்ற கூட்டம் முதலில் பயந்து, பிறகு சிரித்தது. பார்வதி புருஷன் உனக்குத் தந்தி கொடுக்க சைக்கிளில் ஒரு காலைப் போட்டிருந்தார். இழுத்துப் பிடித்து நிறுத்தினோம். "அப்போ ஓலை வெட்டுனவனுக்குக் காப்பி கிடையாதா?" என்று ஒருவன் கேட்டான். நான் எதையும் காதில் வாங்கவில்லை. பார்வதி கையைப் பார்த்தேன், முழங்கை வரை கரிசல் மண். களையெடுப்பிலிருந்து நேராக வந்திருக்கிறாள். அந்தக் கை என் பெண்டாட்டி விலாவில்! நான் போட்ட சத்தத்தில் வீடே காலியாகிவிட்டது. வாங்கி வந்த துணியை ஆவியில் அவித்து, கட்டைப் பிரித்து, துடைத்து, புதுக் கட்டுப் போட்டு முடிக்கிற வரை யாரையும் நிலைப்படி தாண்ட விடவில்லை.

அழ வந்தவர்கள் சும்மா போக மாட்டேன் என்றார்கள். ஒருத்தி மஞ்சள் பத்துப் போடச் சொன்னாள், ஒருத்தர் அடுப்புச் சாம்பல், இன்னொருத்தர் கழுகுமலை விபூதி. விபூதியை மட்டும் நெற்றியில் பூசச் சம்மதித்தேன். மறுநாள் முதல் தினமும் காலையில் இட்டிலிக் கொப்பரை அடுப்பில் ஏறுகிறது. தீபாவளிக்கு மட்டும் பார்த்த ஆவியைத் தினமும் பார்த்ததும் பக்கத்து வீட்டுச் சுடலையம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. கிண்ணத்தோடு வந்துவிட்டாள். "நாங்க கம்பங்கஞ்சி குடிக்கோம், இங்கன தெனமும் இட்டிலியா அண்ணாச்சி? ரெண்டு குடுங்க, கேக்குதேன்னு நினைக்காதீய" என்றாள். மூடியைத் திறந்து காட்டினேன். குழிக்குக் குழி மல்துணி மடிப்பு. கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "இதுக்குச் சட்டினி என்ன வைப்பீய?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இப்படியாக நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்கியால் துணியை எடுத்து, தினமும் நானேதான் கட்டுகிறேன். வேறு யாரையும் கிட்டே விடுவதில்லை. கசிவு நின்றுவிட்டது. ஆனால் சிவப்பு இன்னும் மாறவில்லை. தொட்டால் லேசாக எரிகிறது என்கிறாள். சிவப்பு போகிற வரை விடுவதாக இல்லை. நீ லீவு போட்டு வர வேண்டாம், உன் அக்காளைக் காக்க நான் ஒருவன் போதும். உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். கடலைமிட்டாய் ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்
வெயிலுமுத்து

பின்குறிப்பு: மேலே கடைசியில் சிவப்பைப் பற்றி எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பாடுபட்டு எழுதியதை அடிக்க மனசு வரவில்லை. உறையை ஒட்டுகிற நேரத்தில் வன்னியபெருமாள் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "இது ஆறி எத்தனை நாளாச்சு அண்ணாச்சி! இது வடு. சிவப்பு மாற வருசமாவும். கசிவு நின்னப்பவே, நீங்க தண்ணி எடுக்கப் போன நேரத்துல பாத்துட்டு அக்காகிட்ட சொன்னேனே!" என்றார். உன் அக்காள் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "ஏட்டி, ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா கட்ட அவுத்துட்டுப் பிஞ்சைக்குப் போயிருவீய. பொழுது சாஞ்சு வந்து வட்டில் முன்னால உக்காருவீய. நாம ரெண்டு பேரும் இப்படி எதிரெதிர இருந்து பேசுனது எப்போ, நீங்களே சொல்லுங்க" என்றாள். பிரித்த கட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டே, "நாளைக்கும் எரியுமா?" என்று கேட்டேன். "எரியும் போலதான் இருக்கு" என்றாள். நாளைக்கு வேண்டிய துணியை இன்றைக்கே அவிக்கலாம் என்று அடுப்பை மூட்டியிருக்கிறேன். தண்ணீர் கொதித்துவிட்டது, மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன்.