நாற்பது நிமிட ரகசியம்

பூட்டுக்காரர் தம் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தார். மருத்துவமனைப் படிக்கட்டில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எடுத்த முடிவு.

முப்பது வருடமாகப் பூட்டு வேலை. அவர் பூட்டினால் அவரே வந்து திறந்தால்தான் உண்டு. ஆனால் அவர் வாய்க்கு மட்டும் ஒரு நாதாங்கிகூடக் கிடையாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்றால் மனைவியும் மகளும். அந்த இரண்டு பேருக்கும் சிரிப்பு ஒன்று, குரல் ஒன்று, அவரை ஏமாற்றுவதில் மனமும் ஒன்று. மகள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும் அந்தக் கூட்டணி கலையவில்லை. அவர் போன் செய்தால் அம்மா மகளாகவும் மகள் அம்மாவாகவும் பேசித் திணறடிப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது அவர் ஏமாறுவார்.

அன்று காலை டாக்டர் அவரை மட்டும் தனியாக வரச்சொல்லியிருந்தார். மனைவியின் வயிற்றில் இருப்பது சாதாரணக் கட்டி இல்லை. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். எவ்வளவு பரவியிருக்கிறது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். பிழைப்பது பாதிக்குப் பாதி.

"அவளுக்குத் தெரியவே கூடாது, டாக்டர்."

டாக்டர் ஏனோ மேசையைப் பார்த்துக்கொண்டு, "உங்க இஷ்டம்," என்றார்.

கடைக்கு வந்தார். சாவி வெட்டும் இயந்திரத்தை ஓடவிட்டார். ஓர் அலமாரிச் சாவியை வெட்டினார், பல் தப்பியது. இன்னொன்றை வெட்டினார், அதுவும் தப்பியது. பித்தளைத் தூள் விழுந்துவிட்டதென்று கண்ணைத் துடைத்தார். விரலில் தூள் எதுவும் ஒட்டவில்லை. ஈரம்தான் இருந்தது.

செவ்வாய்க்கு இன்னும் நாலு நாள். ஒற்றை ஆளாகச் சுமக்க முடியாது. மகளிடம் மட்டும் சொன்னால் என்ன? அது ரகசியத்தை உடைப்பதாகாது. பாதி பாரத்தை இறக்கி வைப்பது, அவ்வளவுதான்.

மகளின் எண்ணுக்குப் போட்டார்.

"சொல்லுங்கப்பா."

இந்த முறை அவர் ஏமாறத் தயாராக இல்லை. "நீ யாரு?"

"என்னப்பா கேள்வி இது? உங்க மகதான்."

"அப்படின்னா சொல்லு. போன மாசம் உன் வீட்டுல நான் எதை உடைச்சேன்?"

"குளியலறைக் கண்ணாடிய. அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கினீங்க."

மகளேதான். அவர் கொட்டிவிட்டார். கட்டி, செவ்வாய்க்கிழமை, பாதிக்குப் பாதி, ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கடைசியில் தேம்பினார்.

பிறகு அந்தக் குரல் சொன்னது: "அழாதீங்கப்பா. நான் பாத்துக்கறேன். அம்மாகிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

மனம் லேசானது. மூன்றாவது சாவி சரியாக விழுந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகளும் வந்திருந்தாள்; தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. வெறும் வாய்வாம். சின்னதா கிழிச்சு, காத்த வெளியில விட்டுடுவாங்களாம்."

"அதுக்கு ஏன் ஆஸ்பத்திரி? சைக்கிள் கடைக்கே போயிடலாமே?"

"சும்மா கிண்டல் பண்ணாத. அஞ்சு மணி நேர வேலை."

"காத்து விடவா?"

"காத்து நிறைய இருக்காம்."

மகள் தட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மனைவி ஒரு துண்டை நான்காக மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அழாதீங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

பூட்டுக்காரர் சுவரோடு சாய்ந்தார். "அப்ப... போன்ல..."

"இவ போன் என் பக்கத்துல கிடந்துச்சு. எடுத்தேன்."

"குளியலறைக் கண்ணாடி?"

"நீங்க உடைச்ச அன்னைக்கே சொல்லிட்டா."

"நீ சத்தியம் பண்ணியேம்மா!" என்று மகளைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு அது செல்லாதுப்பா."

மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "எங்களுக்கு நேத்தே தெரியும். ரெண்டு பேரும் போய்க் கேட்டுட்டு வந்துட்டோம். உங்களத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னதே நான்தான்."

"எதுக்குடி?"

"நாலு நாளும் மூலையில உக்காந்து அழுவீங்க. காப்பாத்த ஒரு ரகசியம் இருந்தா அந்தக் கவலையிலயே பொழுது போயிடும்னு பாத்தோம். குடுத்த வேலையையும் உருப்படியாச் செய்யல. டாக்டர் ரூமை விட்டு வந்து நாற்பதே நிமிஷம்!"

"ரெண்டு நாளாவது தாங்குவீங்கன்னு நான் சொன்னேன்ப்பா," என்றாள் மகள். ஏற்கெனவே துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா ஒரு மணி நேரம்னு சொன்னா. பந்தயமே கட்டினோம்."

"பந்தயமா? இதுல என்னடி பந்தயம்?"

"தோத்தவ செவ்வாய்க்கிழமை வெளியில உங்க பக்கத்துல அஞ்சு மணி நேரம் உக்காந்திருக்கணும். ஜெயிச்சவ உள்ள போய்ப் படுத்துக்கலாம்," என்ற மனைவி, மடித்த துணிகளை ஆஸ்பத்திரிப் பையில் அடுக்கினாள். "நல்லவேளை, நான் ஜெயிச்சுட்டேன்."