பெட்ரோலில் மூழ்கிய ஞாயிறுகள்

"கார் மறுபடியும் மூழ்கிடுச்சுப்பா" என்றார் ஆபீசர், போனில்.

மெக்கானிக்கின் வாயில் பற்பசை நுரை. ஞாயிற்றுக்கிழமை காலை. பதில் சொல்ல வேண்டுமென்றால் துப்ப வேண்டும். துப்பினால் அவரைப் பார்த்துத்தான் துப்பினோம் என்று நினைத்துவிடுவார். அதனால் விழுங்கினான்.

"வர்றேன் சார்."

சமையலறையிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருன்னு நான் கேக்கவே மாட்டேன்" என்றாள். நேராகப் போய்ப் பரணிலிருந்து பையை இறக்கினாள்.

போன வாரமே சொல்லியிருந்தாள். "இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை அந்தக் காரோட குடும்பம் நடத்தினீங்கன்னா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லலை." அவள் விளையாட்டுக்குச் சொல்லும் ஆளே இல்லை.

"ஒரு மணி நேரம். இன்னியோட இதுக்கு ஒரு முடிவு கட்டிடறேன்."

"கட்டுங்க கட்டுங்க. அதுக்குள்ள பஸ் வந்தா நான் ஏறிடுவேன்."

வரமாட்டேன் என்று ஆபீசரிடம் சொல்ல முடியாது. அவன் ஒர்க்‌ஷாப் ஷெட் நிற்கும் இடம் அவருடையது. ஓய்வு பெற்ற பிறகு அவர் தூசி தட்டி வெளியே எடுத்த காருக்கோ மெக்கானிக்கைவிட வயது அதிகம்.

நோய் ஒன்றும் பெரிய நோய் இல்லை. இன்ஜினுக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டருக்குள் குட்டியாக ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் ஏற ஏற அதுவும் மேலே ஏறி, போதும் என்று ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைத்துவிடும். இந்தக் காரில் அது அடைக்கவில்லை. பெட்ரோல் பொங்கி வழிந்து இன்ஜின் தலைக்குக் குளித்துவிடும். பிறகு சாவியைத் திருகினால் இருமும், கறுப்பாகப் புகை விடும், படுத்துவிடும்.

முதல் ஞாயிறு, அடைக்கிற ஊசியில் மண். துடைத்துப் போட்டான். வண்டி பட்டு மாதிரி ஓடியது. அடுத்த ஞாயிறே திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் மிதவையின் நாக்கு, அந்த ஊசியைத் தள்ளும் தகடு, லேசாக வளைந்திருந்தது. நிமிர்த்தினான். அதற்கடுத்த ஞாயிறும் வளைந்திருந்தது.

பழைய பம்ப் கண்டபடி தள்ளுகிறதோ என்று பம்பை மாற்றினான். அது இன்னும் வினையாகப் போயிற்று. புதுப் பம்ப் தள்ளிய தள்ளில் பெட்ரோல் ஷெட் தரையெல்லாம் ஓடியது. பக்கத்துக் கடைத் தையல்காரர் அலறிக்கொண்டு வந்தார்.

"யோவ், உள்ள அத்தனையும் அடுத்தவன் துணிய்யா! கொளுத்திடாதே!"

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆபீசர் ஷெட்டிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, விளக்குப் போடும் வரை எழுந்திருக்க மாட்டார்.

"அந்த ஸ்பேனர் வேண்டாம்ப்பா. அடுத்த சைஸ் எடு."

"இதுதான் சார் சேரும்."

"சேரும். ஆனா நீ பிடிக்கிற விதம் சரியில்லை."

ஒரு வாரம் போனை அணைத்து வைத்துப் பார்த்தான். அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? வெங்காயத்தை எந்தப் பக்கமாக நறுக்க வேண்டும் என்று அவன் மனைவிக்கு வகுப்பெடுத்தார். அப்போது அவள் கையில் கத்தி இருந்ததை மெக்கானிக் இன்னும் மறக்கவில்லை.

இன்று அவன் நேராக ஆபீசர் வீட்டுக்கே போனான். கார்புரேட்டர் மூடியைக் கழற்றினான். நாக்கு வளைந்திருந்தது.

"நேத்து சாயந்தரம் நானே இங்க வந்து திறந்து பாத்துட்டுப் போனேன் சார், நேராத்தான் இருந்துச்சு. ராத்திரி எங்கயாவது எடுத்தீங்களா?"

"நீ விட்ட இடத்துலயே நிக்குது."

மெக்கானிக்குக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தன் கையின் மேலேயே சந்தேகம். போகிற போக்கில் பெண்டாட்டியும் போய்விடுவாள், தொழிலும் போய்விடும். தன் கருவிப் பையைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தான்.

"சார், புது கார்புரேட்டர். மூடியைத் திறக்கவே முடியாது, அறைஞ்சு மூடினது. இதை மாட்டிட்டா ஜென்மத்துக்கும் இந்தத் தொல்லை கிடையாது. நீங்க ஷெட்டுக்கு அலையவே வேண்டாம்."

ஆபீசர் முகம் மலர்ந்தது. "சபாஷ்! அப்ப இனிமே ஞாயித்துக்கிழமையும் வீட்டோட இருக்கலாம்! இரு, பழைய சட்டையைப் போட்டுட்டு வந்து பக்கத்துல நின்னு சொல்றேன்."

உள்ளே போனார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "இந்தச் சட்டையை இப்படியா மடிக்கிறது? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

பழைய கார்புரேட்டரின் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான். பின்வாசல் வழியாக ஆபீசரின் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தார். இத்தனை வாரத்தில் அந்த அம்மா அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"அதை மாட்டிடாதீங்க தம்பி" என்றார் மெல்ல. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏம்மா? பழசு இனிமே தேறாது. நாக்கு தானா வளைஞ்சுக்குது."

"முதல் தடவை நீங்க சரி பண்ணிக் குடுத்தீங்களே, அன்னிக்குச் சாப்பிடறப்ப கரண்டியை வச்சுக்கிட்டு அந்த மிதவை எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் பாடம் எடுத்தார்." ஒரு கணம் உள்ளே காது கொடுத்துக் கேட்டார். சட்டைப் பிரச்சினை இன்னும் ஓயவில்லை.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

அந்த அம்மா செம்பை அவன் கையில் கொடுத்தார். "வாரத்துல ஒரு நாளாவது எனக்கு லீவு வேணும் தம்பி. ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் தோதுப்படலைன்னா சொல்லுங்க, செவ்வாய்க்கிழமை ராத்திரி வளைச்சு விட்டுடறேன், புதன்கிழமை கூட்டிட்டுப் போயிடுங்க."