அறுபதைத் தாண்டிய சீர்

தலைதீபாவளிக்குக் கொடுத்தனுப்பிய சீர், கார்த்திகை பிறப்பதற்குள் திரும்பி வந்து வாசல் கோலத்தின்மேல் நின்றது.

சேக் பரீது தன் மினி லாரியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே கயிறு போட்டுக் கட்டிய பழைய அம்பாசடர் கார். விளக்கு கிடையாது, பின்சீட்டு கிடையாது. பானெட்டின் மேல் மட்டும் மஞ்சள் பெயிண்டில் தெருமுனை வரை தெரியும்படி எழுதியிருந்தது: ‘கண்ணாயிரம் அண்ட் சன்ஸ், கடலூர் ஓ.டி.’

முன்பக்கத்திலிருந்து மாப்பிள்ளை அஜய் இறங்கினான். பின்னாலேயே இறங்கிய மோனிகா, அப்பாவைப் பார்த்தும் பாராதவள்போல் நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உத்திராபதி தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். அப்பா கண்ணாயிரம் காலத்திலிருந்து அவர்களுடைய எஞ்சின் பட்டறையை விட்டு வெளியே போன எஞ்சின் எதுவும் குறையென்று திரும்பியதில்லை. மாப்பிள்ளை மோட்டார் சைக்கிள் கேட்கவில்லை, செயின் கேட்கவில்லை. சிதம்பரத்தில் தன் அப்பாவின் ரைஸ் மில்லைப் பார்த்துக்கொண்டு, லீவு நாளில் மண் மைதானத்தில் கார் பந்தயம் ஓட்டுகிறவன். “நீங்க கட்டுன எஞ்சின் ஒண்ணு போதும் மாமா” என்று கேட்டான். அப்படிக் கேட்டதில் உத்திராபதிக்கு நெஞ்சு நிறைந்துபோய், பத்து நாள் பட்டறையை விட்டு நகராமல் கட்டி, அவன் பந்தயக் காரில் பூட்டிய எஞ்சின் அது.

“சொல்லுங்க மாப்ள. எதுனா கொறையா?”

“கொறை இல்ல மாமா. ஜாஸ்தி.”

“ஜாஸ்தியா?”

மாசி மாதம் கிள்ளையில் பந்தயம். அறுபது எச்.பி.க்கு மேல் காட்டும் வண்டியை ஓடவே விடமாட்டார்கள் என்பது விதி. அஜய் படித்த கல்லூரியில், காரை உருளைமேல் ஏற்றி ஓடவிட்டு பவரை அளக்கும் மெஷின் ஒன்று இருந்தது. அதில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

“அறுபத்து மூணு காட்டுது மாமா” என்றான் அஜய், காரின் டயரைப் பார்த்துக்கொண்டு. “கொஞ்சம் கொறைக்கணும்.”

உத்திராபதியின் முதுகு நிமிர்ந்தது. “பொண்ணு குடுத்த எடத்துக்குச் செய்யறதக் கொறைச்ச பழக்கம் நம்ம குடும்பத்துல கெடையாது மாப்ள.”

“பவர்தான் மாமா கொறையணும். இழுவை கொறைய வேணாம். கூடுனாக்கூட நல்லதுதான்.”

அது உத்திராபதிக்கு விளங்கியது. கேப்பர் மலை ஏற்றத்தில் கரும்பு லோடு லாரி கத்தாமல் கதறாமல் ஏறுமே, அது இழுவை. காலி லாரி சர்ரென்று சீறிக்கொண்டு ஓடுவது பவர். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே முழு பலத்தையும் கொடுத்துவிட வேண்டும். வேகமாகச் சுற்றும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

“வேலை மூணு நாளாவும். நீங்க போயி மில்லப் பாருங்க. மோனிகா...” என்று நிறுத்தினார்.

கல்யாண மண்டபத்தில் நாலு பேர் கேட்கும்படி அவரே சொன்ன வார்த்தை இருந்தது. “காரணம் இல்லாம பொறந்த வீட்டு வாசல மிதிக்கக் கூடாது. பேச்சு வரும்.” அவர் அக்கா கொளஞ்சியம்மாள் அந்தக் காலத்தில் வாராவாரம் அம்மா வீட்டுக்கு வந்து, தெருவே பேசியது அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுப்படிக் கதவோரம் மனைவி ராணியம்மாள் காது கொடுத்து நின்றாள்.

“காரணம் இருக்கு” என்று தீர்ப்பாகச் சொன்னார். “சீரு தனியாப் போவக்கூடாது. பொண்ணு கூடப் போறதுதான் மரியாதை. எஞ்சின் ரெடியாவுற வரைக்கும் இருக்கட்டும்.”

உள்ளே எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது.

மகளைக் கட்டிக்கொடுத்ததிலிருந்து ராத்திரியில் இரண்டு இட்லியோடு எழுந்துகொண்டிருந்தவர், அந்த மூன்று நாளும் ஐந்து சாப்பிட்டார். வேலை அதிகம் என்றார்.

இரட்டைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, சின்னதாக ஒன்றைப் பூட்டினார். காற்று போகும் குழாயைக் குறுக்கி நீளமாக்கினார். லாரி புறப்பட்டது. மோனிகா ஏறிக்கொண்டாள். தெருவும் நிம்மதியானது.

அடுத்த வாரம் லாரி மறுபடி வந்து நின்றது.

“அறுபத்து நாலு மாமா.”

“கொறைச்சதுக்கு அப்புறமுமா?”

அஜய் மோனிகாவை ஒருமுறை பார்த்தான். “கொறைக்கக் கொறைக்கக் கூடுது மாமா.”

உத்திராபதி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீசைக்குள் வந்த சிரிப்பை மாப்பிள்ளை பார்த்துவிடக் கூடாதே. “அடங்க மாட்டேங்குதா? எங்கப்பா கை ராசி அப்படி.”

அன்று சாயங்காலம் கொளஞ்சியம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, துக்கம் கேட்கும் முகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

“சீரத் திருப்பி அனுப்பிட்டாங்களாமே தம்பி. என்னா கொறை சொன்னாங்க?”

“கொறை இல்லக்கா. ஜாஸ்தின்னு அனுப்பிச்சிருக்காங்க.”

“சீரு ஜாஸ்தின்னு எந்த ஊர்லடா திருப்பி அனுப்புவான்?”

உத்திராபதி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தார். அக்கா வாயில் விழுந்தது விடிவதற்குள் துறைமுகம் வரை போய்விடும். பேரைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. இந்த முறை வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம் ஷாஃப்டையே எடுத்துத் தீட்டி, வால்வு சீக்கிரம் மூடும்படி மாற்றினார். காரைச் சும்மா அனுப்பவில்லை. பதினொரு தட்டு, தேங்காய், பழம், வெற்றிலை, புடவை, வேட்டி. முன்னால் மேளம். மேளக்காரர் லாரியைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். யார் கண்ணுக்கும் அது கல்யாணச் சீர்தான்.

சிதம்பரத்தில் சம்பந்தி வைத்திலிங்கமும் மானஸ்தர். பதினொரு தட்டு வந்தால் இருபத்திரண்டு தட்டு போக வேண்டாமா? ஆகவே பத்து நாள் கழித்து லாரி மறுபடி வந்தபோது, காருக்குப் பக்கத்தில் அரிசி மூட்டைகளும் இரண்டு வாழைத்தாரும் இருந்தன. ஓரத்தில் மோனிகா பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

“அறுபத்தாறு மாமா” என்றான் அஜய். இப்போது அவன் வானத்தைப் பார்த்தான்.

தெருவில் கணக்கு வேறு விதமாகப் போயிற்று. சீரோடு, அதற்கு இரண்டு பங்கு சேர்த்து, பெட்டியோடு பெண்ணையும் அனுப்பிவிட்டார்கள். வெள்ளை வேட்டிக்காரர்கள் நாலு பேர் சமாதானம் பேச வந்து உட்கார்ந்தார்கள்.

“பொண்ணு எங்க?” என்றார் ஒருவர் தணிந்த குரலில்.

“உள்ள இருக்கு.”

“அழுவுதா?”

எட்டிப் பார்த்தார்கள். மோனிகா அம்மா மடியில் தலை வைத்து, எண்ணெய் வடிய, கேழ்வரகு அடையைக் கடித்துக்கொண்டு டி.வி. பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அதிர்ச்சியில இருக்கு” என்றாள் கொளஞ்சியம்மாள்.

மறுநாள் வைத்திலிங்கமே பஸ் பிடித்து வந்துவிட்டார். “சம்பந்தி, கையெடுத்துக் கும்புடறேன், இனிமே தட்டு அனுப்பாதீங்க. நீங்க அனுப்ப, நான் அனுப்ப, மில்லுல அரிசி தீந்துபோவுது. ஏன் இந்த வண்டி போவுது வருதுன்னு எனக்கே தெரியல.”

“என் எஞ்சினோட தெம்பு அப்படி சம்பந்தி. என்னா பண்றது?” என்றார் உத்திராபதி. வருத்தமாகத்தான் சொல்ல நினைத்தார். வரவில்லை.

ஆனால் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. பானெட்டில் இருப்பது அப்பா பேர். கிள்ளை மைதானத்தில் ஊர் பார்க்க, ‘ஓடத் தகுதியில்லை’ என்று தள்ளிவிட்டால் அப்புறம் பட்டறையைத் திறந்து பயனில்லை. காலையில் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். குழாயை இன்னும் குறுக்கினார். கேமை இன்னும் தீட்டினார். பொங்கல் வந்தது, போனது. மோனிகா இரண்டு வேளையும் பட்டறைக்கு டீ கொண்டுவந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே செய்ததில், வழக்கமாக வரும் முதுகுவலி கூட வரவில்லை. திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு காரை அனுப்பினார்.

இம்முறை போன்தான் வந்தது. “அம்பத்தொம்பதே முக்கால் மாமா. பாஸ்.”

உத்திராபதி போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. கிள்ளை மைதானம் நடவுக்குச் சேறடித்த வயல்போல் கிடந்தது. நடத்துகிறவர்கள் சொந்தமாக ஒரு உருளை மெஷின் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டியையும் ஏற்றி, எண்ணைக் கரும்பலகையில் எழுதினார்கள். ஐம்பத்தொன்பது, அறுபது, ஐம்பத்தொன்பது. ஒருவனுக்கு அறுபத்தொன்று, அவன் அழாத குறையாக வண்டியைத் திருப்பினான்.

‘கண்ணாயிரம் அண்ட் சன்ஸ்’ ஏறியது. நாற்பத்தொன்று.

உத்திராபதி அதிகாரியிடம் நடந்தார். “இன்னொரு வாட்டி பாருங்க. உங்க மெஷின் ரிப்பேர்.”

“ஐயா, கொறைவாத்தான் இருக்கு. உங்களுக்கு நல்லதுதானே?”

“எங்க பேருக்கு நேரா கொறைவுன்னு எழுதறது எப்படி நல்லதாவும்? இது அறுபத்தாறு காட்டுன எஞ்சின்.”

“அறுபத்தாறுன்னா நீங்க வீட்டுக்குப் போவணும்.”

“போறேன். மரியாதையாப் போறேன். நாப்பத்தொண்ணுன்னு மட்டும் எழுதாதீங்க.”

மோனிகா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள். “அப்பா, சும்மா வாங்கப்பா. வாங்க.” அவள் முகம் வெளிறியிருந்தது. மகளுக்குக்கூட மானக்கேடு என்று நினைத்து அவர் தலைகுனிந்து உட்கார்ந்தார்.

கொடி அசைந்தது. ஐம்பத்தொன்பதுகளும் அறுபதுகளும் காது கிழியக் கத்தின. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. சேறு ஆளுயரம் பறந்தது. எவ்வளவு கத்தினவோ அவ்வளவு ஆழம் தோண்டிக்கொண்டு உட்கார்ந்தன. அம்பாசடர் கத்தவில்லை. கேப்பர் மலை ஏறும் கரும்பு லாரிபோல் முனகிக்கொண்டு, அவற்றின் நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போனது. அடுத்த சுற்றிலும் அதே வேகம். கடைசிச் சுற்றிலும் அதே வேகம். அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை யாரும் இல்லை.

வைத்திலிங்கம் சம்பந்தியைக் கட்டிப்பிடித்து அழுதார். மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கொடுத்தார்கள். மேடையேறிப் பழக்கமில்லாத உத்திராபதி, விறைப்பாக நின்றுகொண்டு நன்றி சொன்னார். தொழில் கொடுத்த அப்பாவுக்கு. பெருமாளுக்கு. மில் அரிசியைச் செலவழித்த சம்பந்திக்கு. வாழைப்பழம் கொண்டுவந்த அக்காவுக்கும்தான்.

“எல்லாத்துக்கும் மேல எங்க மாப்ளைக்கு. பெரிய மனுசன் செஞ்சதுன்னு பாக்காம மூணு தடவ திருப்பி அனுப்புனாரு. அனுப்பாம இருந்திருந்தா இந்த இழுவை வந்திருக்காது. என் பொண்ணும் இவ்ளோ நாளு என் கண்ணு முன்னால...” என்றவர், மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கீழே இறங்கியதும் ஞாபகம் வந்தது. ஒருவரை விட்டுவிட்டோமே. மினி லாரி அருகே நின்ற சேக் பரீதிடம் போய், தன் பொன்னாடையை எடுத்து அவர் தோளில் போர்த்தினார்.

“ஒவ்வொரு வாட்டியும் அறுபதத் தாண்டி, உங்களத்தான் பாய் ரொம்ப அலைய விட்டுடுச்சு இந்த எஞ்சின்.”

சேக் பரீதுக்குக் கண் கலங்கிவிட்டது. பொன்னாடையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“பாவம், எஞ்சின் மேல பழி போடாதீங்கய்யா, மொத வாட்டியே அம்பத்தேழுதான் காட்டுச்சு, ‘காரணம் இல்லாம அப்பா வீட்டுக்குள்ள விடமாட்டாரு பாய்’னு பாப்பாதான் ஒவ்வொரு தடவையும் நம்பர ஏத்திச் சொல்லச் சொல்லுச்சு.”