சிரிப்புப் பயிற்சி

கணக்கு டீச்சர் சிரித்ததும் ஏழாம் வகுப்பு ‘அ’ பிரிவு மிரண்டுபோயிற்று.

முன்பெஞ்சு வாயாடி மெல்ல எழுந்தாள். “டீச்சர், உடம்பு சரியில்லையா?”

“ஏன், நான் சிரிக்கக் கூடாதா?”

“சிரிங்க டீச்சர். நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமோன்னுதான்...”

டீச்சர் சிரிப்பை அவசரமாக மடித்து உள்ளே வைத்தாள். காலையில் கண்ணாடி முன் நின்று பழகிய சிரிப்பு. “எப்படியிருக்கு?” என்று கணவரைக் கேட்டதற்கு, “பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்தாப்பல இருக்கு” என்றார். அப்போதே விட்டிருக்கலாம்.

தலைமை ஆசிரியை பள்ளிக்கூடம் முழுவதும் கேட்க மைக்கில் சொன்ன வார்த்தையால் வந்த வினை இது. ‘அ’ பிரிவுக்கு இவள். ‘ஆ’ பிரிவுக்குப் புதிதாகச் சேர்ந்த சின்ன டீச்சர். “இந்த மாசம் வாராவாரம் ரெண்டு பிரிவுக்கும் ஒரே கணக்குத் தேர்வு. கடைசியில எந்தப் பிரிவு ஜெயிக்குதோ, அவங்க டீச்சர் பத்தாம் வகுப்புக்குப் போயிடுவாங்க!”

பத்தாம் வகுப்பு இவளுடைய நெடுநாள் ஆசை. வருஷாவருஷம் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போவது.

முதல் வாரம் ‘அ’ பிரிவு ‘ஆ’ பிரிவை ஊதித் தள்ளியது. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டும் சிரிப்புமாய் இருந்தது. இந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும். இத்தனை வருஷ அனுபவம் என்பது ஒரே வருஷத்தைத் திரும்பத் திரும்ப நடத்தியதுதானோ என்று உள்ளே ஒரு முள் தைத்தது. அந்த முள்ளைத்தான் சிரித்து எடுக்கப் பார்த்தாள்.

இரண்டாம் வாரம் மதிப்பெண் இறங்கியது.

சிரிப்பு போதவில்லை போலும் என்று வாய்ப்பாட்டைப் பாட்டாக்கினாள். குரல் துருப்பிடித்த கதவாகக் கிறீச்சிட்டது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அவளும் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். “ஏழெட்டு?” என்றால், “ஐம்பத்தாறு!” என்று கூரை பறந்தது. அதே பிள்ளைகள் தேர்வுத்தாளில் பதினைந்து என்று எழுதிவைத்தார்கள்.

இதற்கிடையில் சின்ன டீச்சர் ஓய்வறைக்கு வந்து நின்றாள்.

“அக்கா, என் கிளாஸ் மானத்தை வாங்குது. உங்களை மாதிரி முறைக்கக் கத்துக்கொடுங்களேன்.”

டீச்சருக்கு உள்ளூர இனித்தது. இருக்கிற பாட்டையும் கெடுத்துக்கொள்ளட்டுமே!

“புருவத்தைத் தூக்காதம்மா, இறக்கு. கண்ணை இமைக்காதே. ‘ம்?’னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.”

“ம்?”

“பூனை மாதிரி இருக்கு. வயித்துலேருந்து வரணும்.”

சின்ன டீச்சர் கற்பூர புத்திக்காரி. மறுநாளே ‘ஆ’ பிரிவில் பாட்டு நின்றது. மதிப்பெண் விறுவிறுவென்று ஏறியது.

டீச்சர் அடுத்த வித்தைக்குத் தாவினாள். பின்னத்தைத் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடியே நடத்தினாள். கடைசியில் கெஞ்சவும் செய்தாள். “கண்ணுங்களா, ஒரே ஒரு தடவை ஒழுங்கா எழுதுங்கடா!”

“கவலைப்படாதீங்க டீச்சர், நாங்க பாத்துக்கறோம்” என்றாள் வாயாடி.

கடைசித் தேர்வில் ‘அ’ பிரிவு குப்புற விழுந்தது.

“எல்லாம் உங்க முறைப்புதான் அக்கா!” என்று சின்ன டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

டீச்சர் தன் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பழைய முறைப்பைத் தேடினாள். முகத்தில் எங்கும் அகப்படவில்லை. கண்தான் நிறைந்தது.

“எனக்குப் பாடம் நடத்தத் தெரியலைடா...”

வாயாடி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். “அய்யோ, அழாதீங்க டீச்சர்! நீங்க முறைச்சப்ப உங்களைப் பத்தாம் வகுப்புக்குத் தள்ளிவிட விழுந்து விழுந்து படிச்சோம். இப்ப ‘ஆ’ பிரிவுக்காரங்களும் அவங்க டீச்சரை அனுப்பத்தான் அப்படிப் படிச்சாங்க. நீங்க சிரிக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் உங்களை விட்டுக்கொடுப்போமா?”